கரண்ட் வைத்த நாட்கள்: ஒரு தருமபுரி நாட்குறிப்பு

2024 ஜூலை 8, திங்கள்

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் எனக்கு வந்த புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை, எங்கள் ஊர்ப் பேச்சில் 'கரண்ட் வைப்பது', இன்று சேலத்தில் தொடங்கியது. மொத்தம் 60 கிரே (கதிர் அளவின் அலகு) அளவை 20 தவணைகளாகப் பிரித்து, வார நாட்களில் மட்டும் கொடுக்கப் போகிறார்கள். எந்திரத்தின் கீழ் படுத்திருந்தது சில நிமிடங்களே. வலியும் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை. அதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் சிரமம். சிறுநீரை முழுவதும் கழித்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, சிறுநீர்ப்பை நிறையும் வரை காத்திருக்க வேண்டும். பை நிறைந்திருந்தால் அதன் பெரும்பகுதியும் சிறுகுடலும் கதிர் படும் இடத்தை விட்டு மேலே விலகிவிடும். மலக்குடலோ காலியாக இருக்க வேண்டும், ஏனெனில் அது புரோஸ்டேட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருக்கிறது. பக்கத்து வீட்டில் நடக்கும் சண்டையில் நம் வீட்டு ஓடு உடைவதைப் போலத்தான் இந்தச் சிகிச்சையின் பக்கவிளைவுகள்.

இதே நோய்க்காக, ஆண் ஹார்மோனை அடக்க ஏப்ரலில் போட்ட ஹார்மோன் ஊசியால் திடீரென்று மார்பிலிருந்து முகம் வரை ஏறும் சூடும் வியர்வையும் தனிக்கணக்கு. அவற்றைக் கதிர்வீச்சின் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே தேதி போட்டு எழுதுகிறேன்.

2024 ஜூலை 16, செவ்வாய்

இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. தலைமுடி கொட்டிவிட்டதா என்று தொலைபேசியில் கேட்காத உறவினர் இல்லை. கதிர் படும் இடத்தில் உள்ள முடி மட்டுமே உதிரக்கூடும் என்றும், தலைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் ஒவ்வொருவருக்கும் விளக்கி முடிப்பதற்குள் எனக்கே களைப்பு வந்துவிடுகிறது.

அரூர்ப் பக்கத்திலிருந்து வரும் விவசாயி ஒருவரை இன்று படுக்கையிலிருந்து இறக்கிவிட்டார்கள். சிகிச்சைக்கு முன் எடுக்கும் ஸ்கேனில் மலக்குடல் வாயுவால் உப்பியிருந்ததாம். அப்படி உப்பினால் புரோஸ்டேட் முன்னே நகர்ந்து, குறித்துவைத்த இடம் மாறிவிடும். "ராத்திரி களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டது தப்பா சார்?" என்று அவர் என்னைக் கேட்டார். மொச்சை, அவரைக்கொட்டை, நிலக்கடலை, முட்டைகோஸ் ஆகியவற்றைச் சிகிச்சை முடியும்வரை தள்ளிவைக்கச் சொல்லி எனக்கு முதல் நாளே தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அதே தாளைக் கொடுத்து அனுப்பிவிடுவது சரியான முறை அல்ல. அவர் சிறிது நேரம் நடந்து, கழிப்பறைக்குப் போய்வந்து, மீண்டும் தண்ணீர் குடித்துப் படுக்கைக்குத் திரும்பும்போது மதியம் ஆகிவிட்டது.

2024 ஜூலை 25, வியாழன்

தொடங்கிவிட்டது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். கழித்து அரை மணி நேரத்திற்குள் மீண்டும் உந்துதல். உந்துதல் வந்தபின் தாமதிக்க முடியாத அவசரம். இவ்வளவுக்கும் பிறகு வருவது மெலிந்த தாரை. இரவில் நான்கைந்து முறை எழுந்திருக்கிறேன். கதிரால் சிறுநீர்ப்பையின் கழுத்தும் சிறுநீர்க் குழாயின் உட்சவ்வும் புண்பட்டு வீங்குவதே காரணம். புரோஸ்டேட்டின் நடுவில் செல்லும் குழாயை மட்டும் கதிரிலிருந்து முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். தொற்று இருக்கிறதா என்று சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, தாரை சற்று எளிதாக இறங்க டாம்சுலோசின் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தார். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கக் கூடியதாகையால், இரவில் படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது என்று என் மனைவியிடமும் சொல்லி அனுப்பினார். சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டால் மட்டும், காலைவரை பொறுக்காமல் அந்த நேரத்திலேயே அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு பேருந்தில் தருமபுரி திரும்புவதுதான் இப்போதைய பெரிய கேள்வி. சேலத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல். தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று பழுதாகி நின்றால் எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்று நடத்துநரிடம் உள்ளதைச் சொன்னேன். சுங்கச்சாவடி அருகே வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். பயணத்திற்கு முன் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் சிறுநீர் செறிவானால் எரிச்சல் கூடும். ஆகவே தண்ணீரைக் குறைக்காமல், காப்பியையும் தேநீரையும் நிறுத்திவிட்டேன்.

2024 ஜூலை 30, செவ்வாய்

பேதி. சளியும் கலந்து போகிறது. மலக்குடலின் முன்சுவர் அழற்சி அடைந்திருப்பதால், போன பிறகும் போகாதது போன்ற உணர்வு இருக்கிறது. களியும் கீரையும் நார்ச்சத்து மிகுந்தவை என்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். பச்சரிசிக் கஞ்சியும் மோர்ச்சாதமும்தான் ஓடுகின்றன. பேதியைக் கட்டுப்படுத்தும் லோப்பரமைடு மாத்திரையைத் தேவைப்பட்டால் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பிற்பகலில் உடம்பு துவண்டுவிடுகிறது. தூங்கி எழுந்தாலும் தீராத அசதி இது.

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

மொகரம் விடுமுறையால் ஒரு நாள் தள்ளி, சிகிச்சை இன்று முடிந்தது. ஆடிப்பெருக்குக்கு வந்திருந்த மருமகள், பேரக்குழந்தையை என் மடியில் உட்கார வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வெளியிலிருந்து செலுத்தும் கதிர், எந்திரம் நின்றதும் நின்றுவிடுகிறது. உடலில் எதுவும் தங்குவதில்லை. கதிரியக்க விதைகளைச் சுரப்பிக்குள்ளேயே பதிக்கும் முறை வேறொன்று உண்டு, அதற்குத்தான் சில காலம் எச்சரிக்கை தேவை. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு, "கரண்ட் வைத்தவர்" என்று நோயாளியைத் தனி அறையில் ஒதுக்கும் வீடுகள் இங்கே இருக்கின்றன.

2024 ஆகஸ்ட் 14, புதன்

சிகிச்சை முடிந்தும் தொந்தரவு குறையவில்லை. சென்ற வாரத்தைவிட எரிச்சல் கூடியிருக்கிறது. சிகிச்சை பலிக்கவில்லையோ என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். உண்மையில் பக்கவிளைவுக்குத் தனி நாட்காட்டி இருக்கிறது. எனக்குக் கொடுத்ததைப் போல, தவணைகளைக் குறைத்து ஒவ்வொரு தவணையிலும் கூடுதல் அளவு கொடுக்கும் முறையை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் சோதித்து, 2016-இல் முடிவு வெளியிட்ட பிரிட்டன் ஆய்வில், தொந்தரவு உச்சமடைந்தது தொடக்கத்திலிருந்து நான்கைந்து வாரங்களில். பதினெட்டாம் வாரத்தில் அது பழைய நீண்ட முறைக்குச் சமமாக இறங்கிவிட்டது. அந்தக் கணக்கின்படி நான் இப்போதுதான் உச்சத்தைக் கடக்கிறேன்.

2024 செப்டம்பர் 13, வெள்ளி

எரிச்சல் நின்றுவிட்டது. இரவில் இரண்டு முறை எழுவதோடு சரி. களி மீண்டும் தட்டுக்கு வந்துவிட்டது.

எவரும் எடுத்துப் பேசாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஆண்மைக் குறைவு பற்றி ஒப்புதல் படிவத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. மகனும் மனைவியும் அருகில் இருந்ததால் மருத்துவரும் அதை விரைவாகக் கடந்தார், நானும் கேட்கவில்லை. இன்று தனியாகப் போய்க் கேட்டேன். இப்போது விருப்பமே இல்லாமல் போனது ஹார்மோன் ஊசியால்; அதை நிறுத்திச் சில மாதங்களில் ஓரளவு திரும்பலாம். கதிர்வீச்சின் பாதிப்போ நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் மெல்ல மெல்லத் தாக்கி, மாதங்களும் ஆண்டுகளும் கழித்துத் தெரியவரும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். மாத்திரைகள் பலருக்கு உதவுகின்றன, ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அவற்றைத் தொடக் கூடாது. கால் மணி நேரத்தில் தெளிவாகிவிடக்கூடிய செய்தி இது. அறுபது வயதைத் தாண்டியவருக்கு இதெல்லாம் எதற்கு என்று மற்றவர்கள் முடிவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

2025 பிப்ரவரி 7, வெள்ளி

பிஎஸ்ஏ, அதாவது நோயின் போக்கைக் காட்டும், புரோஸ்டேட்டிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதம், மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமாக இறங்கியிருக்கிறது. ஹார்மோன் ஊசியின் பங்கும் இதில் உண்டு என்பதால் கொண்டாட அவசரம் இல்லை. இனி எட்டும் மிகக் குறைந்த அளவிலிருந்து 2 நானோகிராம் ஏறினால்தான் நோய் திரும்பியதாகக் கொள்வார்கள். இடையில் சிறிது ஏறி இறங்குவதும் உண்டாம்.

மூன்று நாட்களாக மலத்தின் மேல் ரத்தக் கீற்று தெரிகிறது. கதிர்பட்ட மலக்குடலில் மெல்லிய ரத்தக் குழாய்கள் புதிதாய்த் தோன்றிக் கசிவது, ஆறு மாதத்திற்குப் பிறகு வரக்கூடிய தாமத விளைவு. பெரும்பாலும் தானே அடங்குவது, அல்லது எளிய சிகிச்சைக்குக் கட்டுப்படுவது. மூலம் என்று சொல்லி இங்கேயே களிம்பு வாங்கித் தடவ மனைவி சொன்னாலும், வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவதே முறை. திங்கட்கிழமை தருமபுரியில் குடல் மருத்துவரிடம் செல்கிறேன். கதிர்வீச்சு பெற்ற முன்சுவரில் சதைத்துண்டு எடுத்தால் புண் ஆறாமல் போகக்கூடும் என்பதால், உள்நோக்கிக் குழாயைச் செலுத்தும் முன்பே அவர் பார்க்கும்படி சேலத்துச் சிகிச்சைச் சுருக்கத்தைக் கோப்பின் மேலேயே வைத்திருக்கிறேன்.