டகோட்டாவுக்குப் பொட்டு வைக்காதீங்க

டைகாஸ்ட் விமானம், அதாவது உலோகத்தை அச்சுல வார்த்த குட்டி மாடல் சேர்க்கிற கோயமுத்தூர், திருப்பூர்க்காரங்களுக்கு வருஷத்துல ஒரு நாள் வயித்தைக் கலக்கும். ஆயுத பூஜை. லேத்து, தறி, மோட்டார், பைக் எல்லாம் பொட்டு வாங்கி முடிச்சதும் சந்தனக் கிண்ணம் ஷோகேஸ் பக்கம் திரும்பும். "இதுலயும் எஞ்சின் இருக்குதல்ல? அப்ப வைக்கோணுமல்ல கண்ணு?"ன்னு ஆத்தா கேட்டா யாருகிட்டயும் பதில் இருக்காது. கான்ஸ்டலேஷன்ங்கற பழைய பயணிகள் விமானத்துக்கு நாலு எஞ்சின், நாலு பொட்டு. வால் மூணா இருக்கறதைப் பாத்துட்டா இன்னும் மூணு. 1948 ஜூன் 8ல பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியா லண்டனுக்குக் கிளம்பின ஏர் இந்தியா கான்ஸ்டலேஷன் மலபார் பிரின்சஸ்ஸோட மாடலா இருந்தாலும் சலுகை கிடையாது.

குங்குமத்துல மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கும். விமானத்தோட வெள்ளைக் கூரையில ஈரத்தோட தேச்சா பரவும். காயவிட்டு, மெத்துன்னு இருக்கற பெயின்ட் பிரஷ்ஷால தூளைத் தட்டிடுங்க. அப்புறம் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவற லிக்விட் ஒரே சொட்டு. பஞ்சுக்குச்சியை அதுல நனைச்சுப் பிழிஞ்சு, கறை மேல உருட்டணும், தேய்க்கக் கூடாது. ஜன்னல் கோடும் எழுத்தும் மேலே பதிச்ச மெல்லிய அச்சுதான். தின்னரோ நகப்பாலிஷ் ரிமூவரோ பட்டா பொட்டோட கம்பெனி பேரும் கிளம்பிடும். மிச்சம் நிக்கற மஞ்சள் வெளிச்சத்துலயே வெளுக்கும், ஜன்னலோரம் போதும். மொட்டை மாடி வெயில்ல வெச்சா பிளாஸ்டிக் ப்ரொப்பல்லர் வளைஞ்சுக்கும்.

சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழமும் வேண்டாம். உடம்பு துத்தநாகக் கலவை, அதுல 4 சதவீதம்போல அலுமினியம். பெயின்ட் போன இடத்துல புளிப்புச் சாறு பட்டா அரிக்கும். அதுவுமில்லாம 1:200 அளவுல, அதாவது நிஜத்துல இருநூத்துல ஒரு பங்கா, டகோட்டாங்கற டிசி-3 விமானத்தோட இறக்கையே நுனிக்கு நுனி பதினாலரை சென்டிமீட்டர்தான். அதுக்கு அந்தப் பழம் ஓடுபாதையில கிடக்கற பத்து மீட்டர் பாறை.

பூஜைக்கு முந்தின நாள் தூசி தட்ட பனியன் வேஸ்ட்டை எடுக்காத வீடு இந்தப் பக்கம் ஏது? மெஷினுக்கு அது அருமையான துணி. மாடலுக்கு எமன். பின்னல் நூல் மூக்கோரத்து ஆன்டெனாவுல மாட்டி, துணியோட ஆன்டெனாவும் வந்துடும். ஒட்டறதுக்கு ஃபெவிக்விக் வேண்டாம், அதோட ஆவி கண்ணாடியில வெள்ளையாப் படியும். ரெண்டு டியூப் கலக்கற அரால்டைட்டைப் பல்குச்சி முனையில தொட்டு வெச்சு, களிமண் உருண்டையால முட்டுக் கொடுத்து, ராத்திரி முழுக்கத் தொடாம விடுங்க.

சாயங்காலம் சுண்டல் சாப்பிட ஒறம்பரை வரும். "ஏனுங் மாப்ள, பின்சக்கரம் ஒடிஞ்சு போச்சாட்ட இருக்குதே"ன்னு டகோட்டா வாலுக்கடியில தீப்பெட்டியைச் சொருகி மட்டம் பாப்பாங்க. டிசி-3க்குப் பெரிய சக்கரம் ரெண்டும் முன்னாடி, சின்னது வாலுக்கடியில. நின்னா மூக்கு வானத்தைப் பாக்கும், அதான் அதோட லட்சணம். தீப்பெட்டியை வெடுக்குன்னு உருவாதீங்க, வால்சக்கரக் குச்சி முறியும். வாலைத் தூக்கிட்டு எடுங்க. நிஜ விமானத்துலயே ஜனங்க பின்வாசல்ல ஏறி, மேடு ஏறித்தான் சீட்டுக்குப் போனாங்கன்னு சொல்லிப் பாருங்க.

"அதுக்கு மருதமலைக்கே போயிருக்கலாமுங்"ம்பாரு.