யூராலஜி வார்டு நாட்குறிப்பு: இரண்டு புராஸ்டேட்

மார்ச் 4, 2025, செவ்வாய்

இன்று ஓபியில் 71 வயதுப் பெரியவர். லாரி ஓட்டியவர். இடுப்பு வலிக்கு மாசக்கணக்கில் ஊசி, மாத்திரை, பெல்ட். "லாரி ஓட்டுன இடுப்பு, வலிக்கத்தான் செய்யும்" என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். மூத்திரம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிப்பேன் தம்பி. இந்த வயசுல எவன் எந்திரிக்காம தூங்குறான்?"

ஆசனவாயில் விரலை விட்டுப் பார்த்தால் புராஸ்டேட் (மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) மேடு பள்ளமாக, கல்லாட்டம் இருந்தது. புற்றாக இருக்கலாம். கால் மரக்கிறதா, நடை தடுமாறுகிறதா என்று இரண்டு முறை கேட்டேன். அது முதுகெலும்புக்குப் பரவி, தண்டுவடம் நசுங்கத் தொடங்கியிருந்தால் அன்றைக்கே எம்ஆர்ஐ எடுத்தாக வேண்டும். நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

பெரியவரின் பிஎஸ்ஏ, அதாவது ரத்தத்தில் புராஸ்டேட் புரதத்தின் அளவு, 412. நாங்கள் 4-ஐத் தாண்டினாலே யோசிப்போம். பயாப்ஸியில் புற்று உறுதி; அதன் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் 4+5=9, மிக வீரியமானது. போன் ஸ்கேனில் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எங்கும் கறுப்புப் புள்ளிகள், புற்று பரவிய இடங்கள். மகன் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "எத்தனை நாள் சார்?" என்றார். நாள் கணக்கு இல்லை, வருஷக் கணக்கில் பேசலாம் என்றேன். அவர் நம்பவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இவர் வேறொருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், 64 வயது. மாஸ்டர் செக்கப்பில் பிஎஸ்ஏ 6.1, பயாப்ஸியில் கிளீசன் 3+3=6, வீரியம் குறைந்த புற்று. ஒரு தொந்தரவும் இல்லை, ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. உடனே ரோபோ ஆபரேஷன் வேண்டுமாம்.

இங்கிலாந்தில் 1,643 பேரை வைத்து நடந்த புரோடெக்ட் ஆய்வைச் சொன்னேன். ஆபரேஷன், கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு என மூன்று பிரிவு. 15 வருஷத்தில் இந்தப் புற்றால் இறந்தவர்கள் மொத்தம் 2.7 சதவீதம், பிரிவுக்குப் பிரிவு பெரிய வித்தியாசமில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களுக்குப் பரவியது ஏறக்குறைய இரு மடங்கு என்பதையும் மறைக்கவில்லை: 9.4 சதவீதம். ஆபரேஷனுக்குப் பிறகு மூத்திரம் கசியலாம், தாம்பத்தியம் பாதிக்கலாம் என்றும் சொன்னேன்.

"உள்ள கேன்சரை வச்சிக்கிட்டு எப்படி சார் தூங்குறது?"

அதற்கு எந்த ஆய்விலும் பதில் இல்லை. எம்ஆர்ஐ எடுத்துவிட்டுப் பேசுவோம் என்று அனுப்பினேன்.

மார்ச் 20, வியாழன்

பெரியவருக்குப் புற்றை வளர்க்கும் ஆண் ஹார்மோனை அடக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, இல்லையென்றால் விதைகளை எடுத்துவிடும் சின்ன ஆபரேஷன். பெரியவர் யோசிக்கவே இல்லை. "எடுத்துருங்க தம்பி, ஊசிக்கு எவன் அலையுறது." பக்கத்தில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. இந்த வழியை 1941-இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ் 1966-இல் நோபல் வாங்கினார். இன்றும் சிகிச்சையின் அடித்தளம் அதுதான்.

கூடவே ஆண் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் அபிராடெரோன்: தினம் நான்கு மாத்திரை, வெறும் வயிற்றில், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டோடு. பிபி, பொட்டாசியம் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவரைப் போன்றவர்களிடம் நடந்த லாட்டிட்யூட் ஆய்வில், பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 36.5 மாதத்திலிருந்து 53.3 மாதமாகக் கூடியது. மகனுக்கு இந்த இரண்டு எண்களையும் ஓபி சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

பெரியவரின் பிஎஸ்ஏ 3.6. பெல்ட்டைக் கழற்றிவிட்டார். "திடீர் திடீர்னு உடம்பு தீயா எரியுது தம்பி." ஹார்மோன் குறைந்தால் அப்படித்தான். எலும்பு தேயும் என்பதால் கால்சியம், வைட்டமின் டி எழுதினேன். குணமாகிவிட்டதா என்று மகன் கேட்டார். இல்லை, அடங்கியிருக்கிறது என்றேன். ஏழாவது மாதத்தில் 0.2-க்குக் கீழே இறங்கினால் நல்ல அறிகுறி, அக்டோபரில் பார்ப்போம்.

ஆசிரியர் வெளியே ஆபரேஷன் செய்துகொண்டாராம்.