வவுனியாவில் பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது கிடைத்த வரிச்சலுகைகள்

வீடு கட்டுவோருக்கு வரிச்சலுகை என்று பேப்பரில் வருவதில் முக்கால்வாசி கொழும்பில் மாடி மாடியாகக் கட்டும் கம்பனிகளுக்கானது. வவுனியா ரவுனில் அம்மாவின் பழைய வீட்டை இடித்துக் கட்டிய எங்களுக்குக் கைகொடுத்தவை யாரும் பெரிதாகப் பேசாத சின்னச் சலுகைகள்தான்.

முதல் அலுவல், காணியை அம்மாவின் பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றுவது. எங்களுடையது உறுதிக் காணி, அதாவது உறுதிப் பத்திரம் உள்ள சொந்தக் காணி. வன்னியில் நிறையப் பேரிடம் இருப்பது குடியேற்றத் திட்டங்களில் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த போமிற் காணி. அதைப் பிள்ளைக்கு மாற்ற, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போய்ப் பயனில்லை, பிரதேச செயலகத்துக்குத்தான் போகவேண்டும்.

மூல உறுதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தால் அதில் அம்மாவின் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்த பிறகே நொத்தாரிசு அலுவலைத் தொடங்கினார்.

அவர் முதலில் கேட்டது, "விற்பனையா, நன்கொடையா?" சும்மா கேட்கவில்லை. உறுதி எழுதும்போது அரசுக்குக் கட்டும் முத்திரைத் தீர்வை, விற்பனை உறுதிக்கு முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். நன்கொடை என்றால் முதல் 50,000 ரூபாவுக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 2 வீதம். 40 லட்சம் பெறுமதியான ஒரு காணிக்குக் கணக்குப் பாருங்கள்: விற்பனைக்கு 1,59,000 ரூபா, நன்கொடைக்கு 80,500. தாய் பிள்ளைக்கு எழுதுவதை நன்கொடையாக எழுதாமல் வேறென்ன செய்வது! நொத்தாரிசின் கட்டணம் வேறு.

அம்மா தன் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அந்தக் காணியை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டுதான் எழுதினா. அதில் எனக்கு முழுச் சம்மதம். வயதானவர்கள் வெறுங்கையோடு நிற்கக்கூடாது. ஆனால் வங்கிக் கடனுக்குப் போனபோது அவவும் வந்து கையெழுத்து வைக்கவேண்டியிருந்தது. கடன் எடுக்க இருப்பவர்கள் இதை உறுதி எழுத முன்னரே வங்கியில் கேட்டுவிடுங்கள். வீட்டுக்கடன் வட்டியை வருமானத்தில் கழிக்கும் சலுகை முன்பு இருந்தது, 2022 டிசம்பரோடு அது நின்றுவிட்டது. தெரியாமல் சிலர் இன்னும் அதை நம்பிக் கணக்குப் போடுகிறார்கள்.

இன்னும் இருப்பது சூரிய மின்தகடு. வருமான வரி கட்டுபவர் கூரையில் பூட்டினால் வருடத்துக்கு 6 லட்சம் ரூபா வரையான செலவைக் கழிக்கலாம். கழிவது வருமானத்தில், வரியில் அல்ல. வரி எல்லைக்குள் வராதவருக்கு இதனால் ஒரு சதமும் மிச்சமில்லை. பற்றுச்சீட்டு வரி கட்டுபவரின் பெயரிலேயே இருக்கட்டும்.

கட்டட அனுமதி வழக்கமான அலுவல்தான்: அளவைப்படம், வரைபடம், சோலைவரி (வீடு, காணிக்குச் சபை அறவிடும் வரி) பாக்கியில்லை என்ற பற்றுச்சீட்டு. வீடு முடிந்ததும் சபைக்காரர் வந்து பெறுமதியைக் கூட்டுவார்கள், சோலைவரியும் ஏறும். ஆனால் முழு வருட வரியையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் தள்ளுபடி. அது தவறினால் ஒவ்வொரு காலாண்டின் முதல் மாதத்திலும் அந்தக் காலாண்டுக்கானதைக் கட்டுங்கள், 5 வீதமாவது குறையும்.