ஏசி வாயுக் கசிவும் புவி வெப்பமாதலும்

தொடர்ந்து நான்கு ஆண்டுகள், சித்திரை பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டு ஏசிக்கு ‘கேஸ் ஃபில்லிங்’ செய்ய வேண்டியிருந்தது. வரும் மெக்கானிக், குழாயில் மீதமிருந்த வாயுவைக் காற்றில் திறந்துவிட்டு, புதிதாக நிரப்பிவிட்டுப் போவார். அந்த ‘உஸ்’ என்ற ஓசையை நானும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ஏசியின் வாயு, பெட்ரோலைப்போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருளன்று. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஆகவே அது குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். இதை நான் மிகத் தாமதமாகவே புரிந்துகொண்டேன்.

வெளியேறிய அந்த வாயு என்ன செய்கிறது? சூரிய ஒளியால் சூடாகும் நிலமும் கடலும் தம் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளியை நோக்கி அனுப்புகின்றன. காற்றிலுள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அவற்றில் பெரும்பகுதியை உறிஞ்சி, ஒரு பங்கைத் தரைக்கே திருப்பிவிடுகின்றன. தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் இன்று 420ஐத் தாண்டியிருப்பதே புவி சூடாவதற்கு முதன்மைக் காரணம். எனினும், 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அதிகம் உறிஞ்சுவதில்லை. கதவெல்லாம் சாத்திய வீட்டில் திறந்திருக்கும் ஒரே சன்னலைப்போல, பூமியின் வெப்பம் அந்த இடைவெளி வழியாகத் தப்பிச் செல்கிறது. ஏசி வாயுக்களிலுள்ள கார்பன்–ஃபுளோரின் பிணைப்பு உறிஞ்சுவதோ பெரும்பாலும் அந்தச் சன்னலுக்குள் வரும் கதிர்களைத்தான்.

இதைக் கணக்கிட்டு உலகுக்குச் சொன்னவர் பருவநிலை அறிவியலாளர் வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965இல் பொறியியல் பட்டம் பெற்ற அவர், செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வாயுக் கசிவைக் குறைக்கும் வேலையைச் சிறிது காலம் பார்த்தார். பின்னர் அமெரிக்கா சென்று, அதே வகை வாயுவான குளோரோஃபுளோரோகார்பனின் ஒரு மூலக்கூறு, சுமார் 10,000 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்கு இணையாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று 1975இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். கசிவை அடைக்கும் வேலை பார்த்த ஒருவரே அந்தக் கசிவின் விளைவையும் கண்டறிந்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கை, ஓசோனைச் சிதைக்கும் அந்தக் குளோரோஃபுளோரோகார்பன்களை ஒழிக்கத் தொடங்கியது. அவற்றுக்கு மாற்றாகப் பின்னாளில் வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனைக் கெடுப்பதில்லை என்றாலும், வெப்பத்தைப் பிடிப்பதில் வலிமை மிக்கவை. அவற்றைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் ஒப்பந்தமானது. இந்தியா 2021இல் அதை ஏற்று, 2047க்குள் 85 விழுக்காடு குறைப்பதாக உறுதியளித்துள்ளது.

எங்கள் ஏசியின் அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருந்த தாளில் ‘ஆர்-410ஏ’ என்று இருந்தது; அதுவும் ஹைட்ரோஃபுளோரோகார்பன் வகைதான். நூறு ஆண்டுகளில் பிடித்துவைக்கும் வெப்பத்தைக் கணக்கிட்டால், அதன் ஒரு கிலோ 2,000 கிலோவுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். அப்படியானால் ஒன்றரை டன் ஏசியில் உள்ள ஏறத்தாழ ஒரு கிலோ வாயு முழுவதும் வெளியேறுவது, சுமார் 900 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஒப்பாகும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டரில் அது சுமார் 40,000 கிலோமீட்டர். கடைக்கு நடந்தே போய் பெட்ரோலை மிச்சப்படுத்தியதாக மகிழ்ந்த ஆண்டுகளில், மாடியிலிருந்து இவ்வளவு வெளியேறிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் ஆண்டு வேறொரு மெக்கானிக்கை அழைத்து, கசிவைக் கண்டுபிடித்த பிறகே வாயு நிரப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினார். அவுட்டோர் யூனிட்டின் ஒரு நட்டில் குமிழ் எழுந்தது. அந்த இணைப்பைச் சரிசெய்ய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு கோடைகளாக வாயு நிரப்பவே இல்லை. மின்கட்டணமும் குறைந்திருக்கிறது, ஏனெனில் வாயு குறைந்த ஏசி அதே குளிர்ச்சிக்கு நெடுநேரம் ஓட வேண்டியிருக்கும். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருவதால், 20 டிகிரிக்குப் பதிலாக 26இல் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுவது பயன் தரும் என்பது பலரும் அறிந்ததே.

வீடு மாறும்போது ஏசியைக் கழற்றுபவரிடம் ‘பம்ப் டவுன்’ செய்யச் சொல்லுங்கள். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லிய குழாயின் வால்வை முதலில் மூடினால், வாயு முழுவதும் அவுட்டோர் யூனிட்டுக்குள் சேர்ந்துவிடும்; பிறகு தடித்த குழாயின் வால்வையும் மூடிவிட்டுக் கழற்றலாம். புதிய ஏசி வாங்குபவர்கள் நட்சத்திரக் குறியோடு வாயுவின் பெயரையும் பார்க்க வேண்டும்: ஆர்-32இன் வெப்பமூட்டும் திறன் ஆர்-410ஏவில் மூன்றில் ஒரு பங்குதான்; ஆர்-290 எனப்படும் புரொபேனுடையது அதனினும் மிகக் குறைவு. இவ்விரண்டும் தீப்பற்றக் கூடியவை என்பதால், பயிற்சி பெற்றவரைக் கொண்டே பழுதுபார்க்க வேண்டும்.

பழைய இயந்திரத்தைக் காயலான் கடைக்குப் போடுவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. செம்புக்கு விலை உண்டு, வாயுவுக்கு விலை இல்லை. ஆகவே முதலில் குழாயை வெட்டிவிடுகிறார்கள். எங்கள் ஏசியும் இன்னும் சில ஆண்டுகளில் அந்த நிலையை அடையும். அன்று அதிலுள்ள வாயுவை உருளையில் மீட்டெடுத்துத் தரும் சேவை மையத்தை இப்போதே விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன்.