இரண்டு தேதிகளுக்கு நடுவில்

நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் ஒரு தலைவர் வருகிறார். இளமையில் தூக்குத் தண்டனையை எதிர்த்துப் பேசியே பேர் வாங்கியவர். ஆட்சியைப் பிடித்த பிறகு தன் பழைய தோழனின் மரண ஆணையில் அவரே கையெழுத்துப் போடுகிறார். கதைச் சுருக்கமாகச் சொன்னால் இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்கும் நடுவில் அந்த மனிதருக்குள் என்ன நடந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பதவி வந்ததும் மாறிவிட்டார் என்று எழுதினால் வாசிப்பவர்கள் ஒத்துக்கொள்ளக்கூடும், எழுதுகிற எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால்தான் உண்மையில் வாழ்ந்தவர்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் போனது பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான ரோபஸ்பியரிடம். 1791 மே 30 அன்று பிரெஞ்சு அரசியல் நிர்ணய சபையில் மரண தண்டனையையே ஒழிக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். 1792 டிசம்பர் 3 அன்று, மன்னன் பதினாறாம் லூயி சாக வேண்டும் என்று பேசியவரும் அவரேதான். நடுவில் ஒன்றரை வருடம். அதற்குள் மன்னன் குடும்பத்தோடு தப்பி ஓடப் பார்த்து வரேன் என்ற ஊரில் பிடிபட்டான், ரோபஸ்பியர் வேண்டாம் வேண்டாம் என்று எச்சரித்த போர் வந்தே விட்டது, 1792 ஆகஸ்டில் பாரிஸ் மக்கள் அரண்மனைக்குள் புகுந்தார்கள். இதெல்லாம் எந்த வரலாற்று நூலிலும் கிடைக்கும். எனக்கு உதவியது அந்த இரண்டாவது பேச்சு. முதல் பேச்சை அவர் அதில் மறைக்கவே இல்லை. மரண தண்டனையை நான் வெறுக்கிறேன், அதை ஒழிக்கச் சொல்லி அரசியல் நிர்ணய சபையில் கேட்டவன் நான்தான் என்று அவரே நினைவுபடுத்துகிறார், அப்புறம் இந்த ஒருவனுக்கு மட்டும் விதிவிலக்கு என்கிறார். படிக்கும்போது, தான் கொள்கை மாறியதாக அந்த மனிதர் நினைக்கவே இல்லை என்றுதான் தோன்றுகிறது. கொள்கை பத்திரமாக இருக்கிறது, ஒரே ஒரு விலக்குதான். அந்த ஒரு விலக்கைச் சொல்ல ஒரு நீண்ட உரை தேவைப்பட்டது, 1794 வாக்கில் கில்லட்டின் என்ற தலைவெட்டும் எந்திரத்துக்குப் போனவர்கள் பலருக்கு அவ்வளவு பேச்சுகூடத் தேவைப்படவில்லை. கடைசியில் ஜூலை 28 அன்று அவருக்கும் அதே கில்லட்டின்தான்.

இதைப் படித்த பிறகுதான் என் தலைவர் எனக்குப் புரிய ஆரம்பித்தார். கையெழுத்துப் போடும் இரவில் அவர் குற்ற உணர்ச்சியில் துடிப்பதாக எழுதி வைத்திருந்த காட்சியைத் தூக்கிவிட்டேன். இப்போது அவர் அந்த இரவில் தன் பழைய பேச்சை எடுத்து வாசிக்கிறார், அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றத் தேவையில்லை என்று மனதார நம்புகிறார். எனக்கு இதுதான் பயங்கரமாக இருக்கிறது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரைப் படித்தாலும் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொண்டு நடுவில் இருக்கும் காலத்தைத்தான் தோண்டுகிறேன். வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் அந்தக் காலத்தை 'பிறகு' என்ற ஒரு சொல்லில் தாண்டிவிடும்.

அம்பேத்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். நாக்பூரில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. இருபத்தொரு வருடம்! சொன்ன சொல் ஊருக்கெல்லாம் தெரியும், எந்த மதம் என்ற கேள்வி மட்டும் திறந்தே இருக்கிறது. நடுவில் அவர் கட்சி தொடங்கினார், அமைச்சரானார், அரசியலமைப்பு வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார், படித்துக்கொண்டே இருந்தார். மதம் மாறிய இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் 6 அன்று, மறைந்தார். அறிவித்துவிட்டு இவ்வளவு காலம் காத்திருக்க எப்பேர்ப்பட்ட உறுதி வேண்டும் என்று யோசிக்க யோசிக்க, என் நாவலில் எல்லோரும் ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்வி வந்தது.

நாவலில் ஒரு ஆய்வாளரும் உண்டு, தன் கையெழுத்துப் பிரதியை வெளியிடாமல் வைத்திருப்பவர். அவருக்காக டார்வினின் கடிதங்களுக்குள் போனேன். 1844இலேயே தன் பரிணாமக் கொள்கையை ஏறத்தாழ 230 பக்கங்களில் எழுதிவிட்டார். தான் இறந்துபோனால் அதை வெளியிட 400 பவுண்ட் செலவிடும்படி மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்தார். உயிரினங்கள் மாறக்கூடியவை என்று சொல்வது ஒரு கொலையை ஒப்புக்கொள்வது போலிருக்கிறது என்று நண்பர் ஹூக்கருக்கு எழுதியதும் அதே வருடம்தான். அப்புறம் எட்டு வருடம், பாறைகளிலும் கப்பலடியிலும் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற சிறு கடலுயிர்களை ஆராய்ந்தார்! 1858இல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளரிடமிருந்து அதே கருத்தோடு ஒரு கட்டுரை வந்து சேரவில்லை என்றால் 'உயிரினங்களின் தோற்றம்' நூல் 1859இல் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அந்த எட்டு வருடத்தைப் பயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இனங்களைப் பற்றிப் பேச முதலில் தனக்குத் தகுதி வேண்டும் என்ற பிடிவாதமும் அதில் இருந்தது. பயமும் நேர்மையும் ஒரே வேலைக்குள் இருக்க முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

லிங்கனிடம் கிடைத்தது ஒரே ஒரு உறை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க்கில் வென்ற அவருடைய தளபதி மீட், தோற்று ஓடிய எதிரித் தளபதி லீயின் படையைத் தப்பவிட்டுவிட்டார். 1863 ஜூலை 14 அன்று லிங்கன் அவருக்கு எழுதிய கடிதம் நன்றியில் தொடங்கி கடும் வேதனையில் போய் முடிகிறது. அனுப்பவில்லை, கையெழுத்தும் இடவில்லை என்று உறையின் மேல் எழுதி வைத்துக்கொண்டார்.

தலைவர்களை அவர்கள் எழுதியதிலேயே தேடினால் போதாது, பக்கத்தில் நின்றவர்கள் எழுதியதையும் பார்க்க வேண்டும். இதற்கு நமக்கு ஆனந்தரங்கப் பிள்ளையைவிடப் பெரிய கொடை இல்லை. 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேவின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும், அவர். யார் கப்பலில் வந்து இறங்கினார்கள், ஆளுநர் யாரிடம் முகம் கொடுத்துப் பேசினார், அவர் மனைவி தனக்கு எதிராக என்ன செய்கிறார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. தன் பிழைப்பே ஒருவரின் மனநிலையில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அவரை எவ்வளவு நுணுக்கமாகக் கவனிப்போம்! என் தலைவரின் செயலாளருக்கு அந்தக் கண்ணைத்தான் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்கிறேன். இவர்களில் யாருடைய கண்ணாடியும் தாடியும் பிரபலமான வசனமும் என் பாத்திரங்களுக்கு வரக் கூடாது. இது இன்னார்தான் என்று கண்டுபிடித்துவிட்ட நொடியில் வாசகர் நாவலை விட்டுவிட்டுத் தனக்கு முன்பே தெரிந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கிவிடுவார்.

இப்போது கையில் இருப்பது ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் குறிப்புகள். காலையில் படுக்கையை விட்டு எழுவது முதல் சாவது வரை தன்னையே கேள்வி கேட்டு எழுதிக்கொண்ட பேரரசர், கி.பி. 177இல், பின்னாளில் கொடுங்கோலன் என்று பேர் வாங்கிய தன் மகன் கொம்மோடஸை இணைப் பேரரசனாக்கினார். அது சரியா என்ற கேள்வியை அந்தக் குறிப்புகளில் எங்கும் காணவில்லை. என் தலைவருக்கும் ஒரு மகன் இருக்கிறான். அந்த அத்தியாயத்தில் அவனைப் பற்றி அவரை நிறையப் பேச வைத்திருந்தேன், அதில் பாதியை எடுத்துவிடப் போகிறேன்.