ஸ்காபரோவிலிருந்து நீர்வேலிக்கு: இரண்டு குளிர்காலங்கள்

2023 மார்ச்சில், கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில், எங்கள் வீட்டு வாசலிலேயே மனைவி சறுக்கி விழுந்தார். மேலே பூப்போல மெல்லிய பனி. அடியில் கண்ணுக்குத் தெரியாத கட்டிப்பனி. வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருந்தார். அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே பேசிப் பேசித்தான் முடிவுக்கு வந்தோம்: இனிக் குளிர்காலத்தை யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான நீர்வேலியில் கழிப்பது என்று. அங்கே அம்மா விட்டுச்சென்ற வீடும் வளவும் கிணறும் இருந்தன. திருத்தவேண்டிய வீடுதான், ஆனால் கூரை இருந்தது.

கேள்விப்பட்டவர்கள் எல்லோரும், "அப்ப அங்கேயே போய் இருந்துவிடுங்கள்" என்றார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் இங்கே, மருத்துவர் இங்கே, முப்பது ஆண்டு உழைப்பும் இங்கே. ஊரை விட்டுப் புறப்பட்டபோது திரும்புவோமா என்று தெரியாமல் புறப்பட்டோம். இந்த முறை திரும்பும் தேதியைத் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இந்த ஒழுங்குகள் எல்லாம் அந்தத் தேதியைச் சுற்றித்தான் அமைந்தன.

முதலில் நாள்களை எண்ணினோம். எங்கள் ஒன்ராறியோ மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்பின் அட்டை நிலைக்க வேண்டுமானால், எந்த 12 மாதத்தை எடுத்துப் பார்த்தாலும் அதில் 153 நாள் மாகாணத்துக்குள் இருந்திருக்க வேண்டும். வெளியே இருக்கக்கூடியது 212 நாள். "எந்த 12 மாதம்" என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை என்று நினைத்துக்கொண்டு, ஒரு பயணத்தின் வாலையும் அடுத்த பயணத்தின் தலையையும் கூட்ட மறந்துவிடுகிறோம். லண்டனில் மருமகளின் கல்யாணத்துக்குப் போய் நின்ற 16 நாளும் இந்தக் கணக்கில் சேரும்.

ஆனால் எங்களைப் பொறுத்தவரை அதைவிட இறுக்கமான எல்லை வேறு இருந்தது. முதியோர் ஓய்வூதியத்தோடு, வருமானம் குறைந்தவர்களுக்குக் கிடைக்கும் ஜி.ஐ.எஸ். மேலதிகக் கொடுப்பனவும் எங்களுக்கு வருகிறது. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் நின்றால் அந்த மேலதிகம் நின்றுவிடும். ஓய்வூதியத்தில் இன்னொரு விதியும் உண்டு: 18 வயதுக்குப் பின் கனடாவில் 20 ஆண்டு வாழ்ந்திருந்தால்தான் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றாலும் அது தொடரும். நான் 1989இல் வந்தவன், மனைவி 1993இல் வந்தவர், எங்களுக்கு அந்தப் பயமில்லை. பிள்ளைகள் பொறுப்பெடுத்துப் பின்னாளில் அழைத்த பெற்றோருக்கு இது பெரிய விஷயம். எங்கள் தெருவில் அப்படி ஒரு அம்மா இருக்கிறார். டிக்கெட் எடுக்கும் முன் ஆண்டுகளை எண்ணிப் பார்க்கும்படி கையைப் பிடித்துச் சொன்னேன்.

ஆகவே 212 என்ற எண்ணை ஒதுக்கிவிட்டு, ஆறு மாதத்துக்கு நன்றாக உள்ளே நிற்பது என்று வைத்துக்கொண்டோம். ஏப்ரல் 30க்குள் வருமானவரிப் படிவம் கொடுக்கவேண்டும், ஜி.ஐ.எஸ். ஜூலையில் புதுப்பிக்கப்படுவது அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான். எனவே ஏப்ரல் மாதத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

நவம்பர் 5க்கு டிக்கெட் எடுத்தேன். அதன் பிறகுதான் பயணக் காப்புறுதி வாங்கப் போனேன். செய்த பிழை அதுதான். வரிசை மாறிவிட்டது.

செப்டெம்பர் 20ஆம் தேதி வழமையான பரிசோதனையில் மருத்துவர் என் பிரஷர் குளிசையின் அளவைக் கூட்டியிருந்தார். எனக்கு அது சின்ன மாற்றம். காப்புறுதிக்காரருக்கு அப்படியில்லை. ஏற்கெனவே உள்ள நோய் புறப்படுவதற்கு முன் 90 நாள் "நிலையாக" இருந்திருக்க வேண்டும் என்பது நான் வாங்கவிருந்த காப்புறுதியின் நிபந்தனை. புதுக் குளிசை தொடங்கினாலும், பழைய குளிசையின் அளவு கூடினாலும் குறைந்தாலும் 90 நாள் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். நவம்பர் 5க்குப் புறப்பட்டு, ஊரில் எனக்கு நெஞ்சுவலி வந்திருந்தால் ஒரு சதமும் கிடைத்திருக்காது. ஓஹிப் வெளிநாட்டில் கைகொடுக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. அவசரமாக மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் ஒரு நாளைக்கு 200 டொலர், தீவிர சிகிச்சை போன்றவற்றுக்கு 400 டொலர் வரை, அவ்வளவுதான்.

மகன் பணம் கட்டி டிக்கெட்டை டிசம்பர் 21க்கு மாற்றினான். மனைவிக்கு மனவருத்தம், நவம்பரிலேயே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. படிவத்தில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மருத்துவரின் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பதில் எழுதினேன். நமக்கு நினைவிருப்பது வேறு, கோப்பில் இருப்பது வேறு. 2019இல் எனக்கு ஒரு இதயப் பரிசோதனை நடந்ததை நான் முற்றாக மறந்திருந்தேன்.

குளிசைகளுக்கும் அந்தக் காப்புறுதிப் பத்திரம்தான் தேவைப்பட்டது. 65 வயது தாண்டியவர்களுக்கான ஒன்ராறியோ மருந்துத் திட்டத்தில், 100 நாளிலிருந்து 200 நாள் வரை மாகாணத்தை விட்டுப் போகிறவர்கள் 200 நாள் வரைக்குமான மருந்தை முன்கூட்டியே பெறலாம். பயணத்துக்குச் சான்று வேண்டும். மருந்துக்கடையில் நின்ற தமிழ்ப்பிள்ளை, "அங்கிள், காப்புறுதிப் பத்திரத்தின் பிரதி இருந்தால் போதும்" என்றாள். குளிசைகளைப் பெயர் ஒட்டிய போத்தல்களிலேயே வைத்து, கைப்பையில் கொண்டுபோனோம். மருத்துவரிடம் கடிதம் ஒன்று வாங்கி, அதில் கம்பனிப் பெயர்களோடு மருந்துகளின் மூலப்பெயர்களையும் எழுதச் சொன்னேன். யாழ்ப்பாணத்து மருந்துக்கடையில் அந்த மூலப்பெயரைத்தான் கேட்பார்கள்.

ஸ்காபரோ வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதற்கும் நிபந்தனை இருந்தது. பனிக்காலத்தில் ஆளில்லாத வீட்டை ஒருவர் அடிக்கடி வந்து பார்க்காவிட்டால், குழாய் உறைந்து வெடித்த சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்று வீட்டுக் காப்புறுதியில் எழுதியிருந்தது. பிரதான குழாயை மூடினோம். சாவியை மகனிடம் கொடுத்து, வந்து பார்த்த தேதிகளை ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொன்னோம்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, வான் வண்டியில் விடிய விடியப் பயணம் செய்து ஊர் சேர்ந்தபோது திருவெம்பாவைக் காலம். மறுநாள் விடியுமுன் தெருவால் சங்கும் சேமக்கலமும் போயின. மனைவி எழுந்து படலையடியில் போய் நின்றார். காலில் செருப்பில்லை. ஸ்காபரோவில் அந்த மாதத்தில் வாசலுக்குப் போகவே கால்மணி நேரம் உடுத்தவேண்டும்.

நான் சொல்லவேண்டிய இன்னொன்று, அங்கும் மழைக்காலத்துக்கு அதன் நோய் உண்டு. ஜனவரியில் மனைவிக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. தனியார் மருத்துவமனையில் நான்கு நாள். காய்ச்சல் விட்ட பிறகுதான் அதிகக் கவனம் தேவை என்று சொல்லி, இரத்தத் தட்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணினார்கள். அனுமதித்த அன்றே மகன் ரொறன்ரோவிலிருந்து காப்புறுதியின் அவசர இலக்கத்துக்கு அழைத்துப் பதிந்துவிட்டான். அப்படி முதலில் அறிவிக்காவிட்டால் கொடுப்பனவு குறையும் என்று பத்திரத்தில் இருந்தது. வீடு திரும்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டையும் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் வாங்கி வைத்திருந்தோம். பணம் இரண்டு மாதத்தில் வந்தது. அந்த நான்கு இரவுகளில் நான் பணத்தை நினைக்கவில்லை என்றால், அது அந்தத் தொலைபேசி அழைப்பால்தான்.

முதல் ஆண்டு சுற்றுலா விசாவில் நின்றோம். 30 நாள் கிடைத்தது, பிறகு நீடித்தோம். பிறந்த ஊரில் நாள் நீடிக்க விண்ணப்பிப்பது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. கனேடியக் குடியுரிமை எடுத்தபோதே இலங்கைக் குடியுரிமை சட்டப்படி போய்விட்டது. அதைத் திரும்பப் பெறுவதுதான் இரட்டைக் குடியுரிமை. 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் அந்த வயதின் அடிப்படையிலேயே விண்ணப்பிக்கலாம்.

அதற்கு என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். 1995 ஒக்டோபர் 30இல் போரால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது அம்மா காணி உறுதியை ஒரு துணிப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். மற்றக் கடதாசிகள் வீட்டில் நின்றுவிட்டன, பிறகு அவை இல்லை. கோப்பாய் பிரதேச செயலகத்தில் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எழுதிக் கொடுத்தேன். 1952ஆம் ஆண்டுப் பதிவு இருந்தது. பிரதியில் தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர். நான் அங்கேயே ஒரு வாங்கில் அமர்ந்து அதைப் பலமுறை வாசித்தேன்.

அதிலும் ஒரு சிக்கல். பிறப்புப் பதிவில் என் பெயர் மட்டும். கனேடியக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் என் குடும்பப்பெயராகிவிட்டது, எழுத்துக்கூட்டலும் வேறு. இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்தேன். நம்மில் பெரும்பாலோருக்கு இது நேரும். சட்டத்தரணியிடம் முன்கூட்டியே போய்விடுங்கள். பத்தரமுல்லையிலுள்ள குடிவரவுத் திணைக்களத்தில் பெப்ரவரியில் விண்ணப்பித்து, எனக்கு ஏழு மாதம் எடுத்தது. இரட்டைக் குடியுரிமை வேண்டாதவர்களுக்கு, 55 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவருக்கான இரண்டு ஆண்டு வதிவிட விசாவும் இருக்கிறது. 15,000 அமெரிக்க டொலர் வைப்பிட வேண்டும்.

முதல் ஆண்டு 119 நாள் நின்றோம். இரண்டாம் ஆண்டு, 2024 நவம்பர் 10 முதல் 2025 ஏப்ரல் 25 வரை, 166 நாள். இந்த முறை எல்லாம் சரியான வரிசையில் நடந்தது: மருத்துவரை ஜூலையில் பார்த்து, குளிசை மாற்றம் இருந்தால் அப்போதே மாற்றும்படி கேட்டோம், பிறகு காப்புறுதி, பிறகு குளிசைகள், டிக்கெட் கடைசியாக.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை மனைவி வளவில் வாழைக்குட்டி இரண்டை நட்டார். பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நவம்பரில் குலை போட்டிருக்கும் என்றாள் அவள்.