ஹெர்-2 ரிப்போர்ட்டும் ஃபார்மலின் பாட்டிலும்

மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் ‘ஹெர்-2: 2+’ என்று பார்த்ததும், நோய் இரண்டாம் ஸ்டேஜ் என்று நினைத்துக்கொண்டு லேபுக்குப் போன் செய்பவர்கள் உண்டு. ஸ்டேஜுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்லைடு போடுவது என் வேலை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஹெர்-2 எல்லாருடைய செல்களின் மேலும் கொஞ்சம் இருக்கிற புரதம்தான். இதன் உறவுப் புரதங்கள், வெளியிலிருந்து ஒரு வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டிய பிறகே ஜோடி சேரும். இதற்கு அப்படி ஒட்டும் பொருள் எதுவும் கண்டறியப்படவில்லை. எப்போதும் ஜோடிக்குத் தயாராக நிற்கும். 17ஆம் குரோமோசோமில் உள்ள இதன் மரபணு பல பிரதிகளாகப் பெருகினால், செல்லின் மேல் நெரிசல். தங்களுக்குள்ளும் உறவுப் புரதமான ஹெர்-3 உடனும் சேர்ந்து, உள்ளே பிஐ3கே, ராஸ் என்ற வளர்ச்சிச் சமிக்ஞைப் பாதைகளை முடுக்கிவிடும். செல் பிரிந்துகொண்டே போகும், சாக மறுக்கும். இப்படிப் பெருகியவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று 1987இல் டென்னிஸ் ஸ்லாமன் குழு காட்டியது. இந்தப் புரதத்தைப் பிடித்து அடக்கும் டிராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சாயம் போட்ட ஸ்லைடில் இந்த நெரிசல் பழுப்பு நிறமாகத் தெரியும். செல்லைச் சுற்றி முழு வளையமாக, அழுத்தமாக, பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றுச் செல்களில் இருந்தால் 3+. மைக்ரோஸ்கோப்பில் கோழிவலை மாதிரியே இருக்கும். வளையம் மங்கலாக இருந்தால் 2+. அப்போது ஃபிஷ் (FISH) என்ற, மரபணுவை ஒளிரவைத்துப் பார்க்கும் பரிசோதனையில் பிரதிகளை எண்ணித்தான் முடிவு சொல்ல முடியும்.

இவ்வளவு நுணுக்கமும் ஆபரேஷன் தியேட்டரில் யாரோ ஊற்றும் ஃபார்மலினை, அதாவது திசு கெடாமல் காக்கும் திரவத்தை, நம்பித்தான் இருக்கிறது. வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திசு அதில் விழ வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஊற வேண்டும். எங்களுக்கோ சலைனில் மிதந்துகொண்டு வரும், ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் கிடந்தும் வரும். அப்படி வந்ததில், ஹெர்-2 போலவே நாங்கள் பார்க்கும் இன்னொரு புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஒட்டும் இடம்) இருந்தும் இல்லாதது போலத் தெரியலாம். அந்த ஏற்பியை அடைக்கும் டமாக்சிஃபென் மருந்து கிடைக்க வேண்டியவருக்கு அது கிடைக்காமல் போகும். இதைவிட எரிச்சலான விஷயம் எங்கள் வேலையில் இல்லை. எத்தனை மணிக்கு ஃபார்மலினில் போட்டார்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. நிரப்பியிருக்கிறார்களா என்று நீங்களே தாராளமாகக் கேட்கலாம்.

அப்புறம், வேறு ஆஸ்பத்திரியில் இன்னொரு கருத்துக் கேட்கப் போகிறவர்கள் ஸ்லைடோடு, திசு பதிந்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாகச் சீவிச் சாயம் போட அதுதான் வேண்டும்.